வேலியிலிருந்து வந்த மரம்

"இதைக் குட்டி மரமா ஆக்கணும், டீச்சர். அவன் கண்ணு முன்னால கொண்டுபோய் வைக்கணும்."

சுகந்தி சாக்கைப் பிரித்துக் காட்டினாள். உள்ளே மணிக்கட்டுப் பருமனில் ஓர் அடிமரம். வேரில் பாதி பிய்ந்திருந்தது. ஒரே ஒரு பக்கத்தில் மட்டும் கொஞ்சம் இலை.

மெஹர் அதைத் தொடவில்லை.

"யார் கண்ணு முன்னால?"

"எங்க அண்ணன்."

குன்னூரில் போன்சாய் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் எல்லோருக்கும் மெஹர் டீச்சர்தான். சுகந்தியைவிடப் பத்து வயது இளையவள். பேச்சு குறைவு, கோபம் அதிகம் என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். அதைக் கேட்டதுமே சுகந்திக்கு அவளைப் பிடித்துப் போயிற்று. தன்னிடமும் அப்போது கோபத்தைத் தவிர வேறொன்றும் இல்லை.

அப்பா வைத்த பாக்ஸ்வுட் செடி வேலி அது. வீட்டு முகப்பு முழுக்க, ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி நிற்கும். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். அந்த வீட்டில் இப்போது இருப்பது அண்ணன் ஜெயசீலன். கார் நிறுத்த இடம் வேண்டும் என்று பொக்லைன் வைத்து ஒரே காலையில் வேலியைப் பிடுங்கிப் போட்டுவிட்டான். கேள்விப்பட்டு சுகந்தி ஓடியபோது லாரி கிளம்பிவிட்டிருந்தது. மண்ணில் புதைந்து மிச்சம் கிடந்தது இது ஒன்றுதான்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. அப்பா போய் ஒரு வருஷம்கூட ஆகல, டீச்சர்."

"மரத்தைப் பத்திப் பேசுங்க."

"எப்படி வெட்டணும், கிளையை வளைக்கக் கம்பி எப்படிச் சுத்தணும், சொல்லிக் கொடுங்க."

மெஹர் ஒரு பிளாஸ்டிக் டப்பைக் காலால் அவள் பக்கம் தள்ளினாள்.

"இதுல நடுங்க. பாதி பொடிக்கல்லு, பாதி மண்ணு. நிழல்ல வைங்க. காஞ்சா தண்ணி ஊத்துங்க."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமில்ல. துளிர் வரட்டும்."

"வெட்டறது?"

"வேரே இல்லாத மரத்துல எதை வெட்டுவீங்க?"

சுகந்தி டப்பைத் தூக்கிக்கொண்டு போனாள்.

தினமும் காலையில் தண்ணீர் ஊற்றினாள். ஊற்றும்போதெல்லாம் அண்ணனிடம் சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொள்வாள். நாளுக்கு நாள் அந்தப் பேச்சு கூர்மையாகிக்கொண்டே போனது. மரத்தில் மட்டும் ஒரு மாற்றமும் இல்லை.

மழைக்காலம் முடிகிற சமயம், வெறும் கட்டையாக இருந்த பக்கத்தில் பச்சையாக ஒரு பொட்டு. பிறகு இன்னொன்று.

அதற்கு மேல் அவளால் பொறுக்க முடியவில்லை. ஆட்டோ பிடித்து, டப்பை மடியில் வைத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனாள். அவன் ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். டீப்பாயின் மேல் வைத்தாள்.

"அப்பா வச்ச வேலில மிச்சம் இதுதான். நல்லாப் பாத்துக்கோ."

ஜெயசீலன் பார்த்தான். அவன் முகம் கறுத்தது.

"அப்பாவா வச்சாரு?"

"பின்ன?"

"குழி வெட்டினது நான். நட்டது நான். ஆறாவதுலேர்ந்து காலேஜுக்கு ஊரை விட்டுப் போற வரைக்கும் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை அதை வெட்டினது நான். ஒரு இலை வெளிய நீட்டிட்டு இருந்தாலும் முதுகுல விழும். நீ ஜன்னல்ல நின்னு அழகா இருக்குன்னு சொல்லுவ."

"அவர் உயிரோட இல்லேன்னு என்ன வேணும்னாலும் சொல்லுவியா?"

"எடுத்துட்டுப் போயிடு, சுகந்தி. இல்லேன்னா ரோட்டுல எறிஞ்சிடுவேன்."

அவள் எடுத்துக்கொண்டாள். வீட்டுக்குப் போகவில்லை. நேராக மெஹரிடம் வந்தாள்.

"பொய் சொல்றான், டீச்சர். வாய் கூசாம பொய் சொல்றான்."

மெஹர் டப்பைப் பார்த்தாள். ஒரு துளிர் ஒடிந்து தொங்கியது.

"ஆட்டோவுல வச்சுத் தூக்கிட்டு அலைஞ்சீங்களா?"

"அவனுக்குக் காட்ட வேணாமா?"

"இப்பத்தான் வேர் பிடிக்குது." மெஹரின் குரல் உயர்ந்தது. "இது மரமா, இல்ல அவர் மேல எறியறதுக்கு வச்சிருக்கிற கல்லா?"

சுகந்தி மேஜையில் கிடந்த கத்தரியை எடுத்தாள். "இன்னைக்கே வெட்டிடறேன். என்ன ஆனாலும் ஆகட்டும்."

மெஹர் அதை அவள் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டு, ஒரு பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷைக் கொடுத்தாள்.

"அடிமரத்தைத் தேய்ங்க."

சுகந்தி தேய்த்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு தேய்த்தாள். பாசி உரிந்தது, காய்ந்த மண் உதிர்ந்தது. உள்ளே வெளிர்நிறப் பட்டை தெரிந்தது. பட்டை முழுக்க முண்டும் முடிச்சுமாக இருந்தது.

"அசிங்கமா இருக்கே. இதைச் சீவிடலாமா?"

"பழைய வெட்டு அது."

"இத்தனையா?"

"நல்ல கத்தரியால வெட்டியிருந்தா வட்டமா மூடியிருக்கும். இது நசுங்கி, கிழிஞ்சு, அப்புறம் ஆறினது. மொண்ணைக் கத்தரி."

"எங்க அப்பா கத்தரி சவரக்கத்தி மாதிரி இருக்கும், டீச்சர். எண்ணெய் போட்டுத் துணியில சுத்தி வச்சிருப்பாரு. யாரையும் தொடவே விட..."

நிறுத்திக்கொண்டாள்.

மெஹர் பூவாளியை எடுத்துக்கொண்டு மற்றத் தொட்டிகளின் பக்கம் போய்விட்டாள்.

சுகந்தி பிரஷ்ஷை வைத்துவிட்டு விரலால் தடவினாள். ஒரு முண்டு. அதன் கீழே இன்னொன்று. சில இடங்களில் ஒரே கிளையை வெட்ட நாலைந்து முறை முயன்ற தடம் இருந்தது. கனமான எதையோ தூக்க முடியாமல் தூக்கி, இரண்டு கையாலும் அழுத்திய தடம்.

ஜன்னலிலிருந்து பார்த்தால் வேலியின் மேல்பக்கம் மட்டும்தான் தெரியும்; அந்தப் பக்கம் குனிந்து வெட்டுகிறவன் தெரியமாட்டான். அப்பா காபி டம்ளரோடு நின்று பார்த்துக்கொண்டிருப்பார். அதற்குப் பிறகு மத்தியானச் சாப்பாடு.

ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு.

அவள் போனை எடுத்தாள். ரொம்ப நேரம் மணி அடித்த பிறகுதான் எடுத்தான்.

"என்ன?"

"அண்ணா."

அவள் விரல் இன்னும் அந்த முண்டின் மேலேயே இருந்தது.

"ஞாயித்துக்கிழமைன்னா மட்டும் நீ ஸ்பூன்ல சாப்பிடுவியே. துரை வந்துட்டாரு, துரை வந்துட்டாருன்னு நான் சிரிப்பேனே. ஏன் அப்படிச் சாப்பிட்ட?"

மறுமுனையில் ஒரு கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"கொப்பளத்துல குழம்பு பட்டா எரியும்," என்றான் ஜெயசீலன்.