வாரேன் என்று சொன்ன சுட்டி

இந்தக் கதையை எனக்கு முதன்முதலில் சொன்னது எப்சிபா. எங்கள் சின்ன மகளின் கல்யாணப் பத்திரிகைக்காகப் பாளையங்கோட்டையில் ஒரு கடைக்குப் போயிருந்தேன். குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்தின சனிக்கிழமை அது. எப்சிபா அந்தக் கடையில் கம்ப்யூட்டரில் படம் போடுகிற பெண். அவள் மவுஸை நகர்த்த நகர்த்த, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மெனு என்று ஒரு பட்டியல் திரையில் தொங்கலாக இறங்கி வருகிறது. ஒன்று, அம்பு விலகினதும் சட்டென்று மூடிக்கொள்கிறது. இன்னொன்று, அம்பு எங்கே போனாலும் மூடாமல் நிற்கிறது. கீபோர்டில் தட்டினாலோ மெனு திறக்காமலே வேலை நடந்துவிடுகிறது.

"ஏம்மா, ஒரே பெட்டிக்குள்ள இருந்துக்கிட்டு ஆளுக்கொரு வழக்கமா இருக்கே?" என்று கேட்டேன்.

"அதுக்கு ஒரு கதை இருக்கு ஆன்ட்டி" என்றாள். அவள் சொன்னதை எனக்கு வந்த மாதிரி சொல்கிறேன்.

அந்தக் காலத்தில், பெட்டிக்குள் இருந்த எல்லாருக்கும் ஆண்டவர் பேச்சைக் கொடுத்திருந்தார். மவுஸை அங்கே சுட்டி என்று கூப்பிடுவார்கள். பெயருக்கு ஏற்ற சுட்டிதான், ஒரு இடத்தில் நிற்கமாட்டான். கீபோர்டைப் பலகையக்கா என்பார்கள். அவள் நூறு கட்டைகளை மடியில் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். நடக்கமாட்டாளே தவிர, அவள் குரல் எட்டாத வீடு கிடையாது.

படம் வரைகிற தெருவில் எதிரும் புதிருமாக அக்கா தங்கை வீடு இருந்தது. அக்கா வண்ணத்தாய். உலகத்தில் உள்ள கலர் எல்லாம் அவள் வீட்டில் இருக்கும். தங்கை கோப்பம்மாள். முடிந்த படத்தை வாங்கிப் பத்திரமாக உள்ளே வைப்பது அவள் வேலை. இந்த வீடுகளின் கதவைத்தான் நாம் இப்போது மெனு என்கிறோம். திறந்தால் தெருவையே அடைத்துக்கொண்டு நிற்கும் பெரிய கதவு.

ஆனாலும் ஒரு தொந்தரவும் இல்லை. 'திற' என்றால் திறக்கும், 'மூடு' என்றால் மூடும். சுட்டி சொன்னாலும் பலகையக்கா சொன்னாலும் அந்த இரண்டே சொல்தான். எல்லா வீட்டிலும் ஒரே வழக்கம்.

ஒரு சனிக்கிழமை காலையில் அந்தத் தெருவில் ஒரு கிளி பிறந்தது. கோடு மட்டும்தான் போட்டிருந்தது, கலர் இல்லை. அன்றைக்குப் பார்த்து ஒன்பது மணிக்குக் கரண்டை நிறுத்தப்போவதாகச் சேதி வந்திருந்தது. கரண்டு போவதற்குள் கோப்பம்மாள் வீட்டுக்குள் போய்ச் சேர்ந்த படம் பிழைக்கும். சேராதது வெளிச்சத்தோடு போய்விடும்.

"இன்னும் எவ்வளவு நேரம் இருக்கு?" என்று கேட்டது கிளி.

"அரைமணி. அதுக்குள்ள உன்னைப் பச்சைப்பசேல்னு ஆக்கிருவேன்" என்றான் சுட்டி. "அரைகுறையா உள்ள போனா, கோப்பம்மா அரைகுறையாவே வச்சிருவா. முழுசா முடிச்சுக் கொண்டுபோவோம்."

அவன் வண்ணத்தாய் வீட்டுக்கு ஓடினான். "திற!" என்றான். கதவு திறந்தது. பச்சையை எடுத்துக்கொண்டு வாசலில் இறங்கி, வழக்கம்போல "மூடு!" என்றான். கதவு மூடியது.

கிளிக்கு அது பிடிக்கவில்லை. "ஏ சுட்டி, ஒரு வீட்டுல வாங்கிட்டு வெளிய வரும்போது இப்படியா பேசுவாக? வெளிய ஊருக்குள்ள யாரும் அப்படிச் சொல்லமாட்டாகளே."

"உனக்கு எப்படித் தெரியும்? நீ பிறந்தே கால்மணி ஆகல."

"கிளி ஜாதிக்குப் பேச்சு பிறக்கும்போதே வந்துரும். கிளம்பும்போது 'போறேன்'னு கூடச் சொல்லமாட்டாக. 'வாரேன்'னுதான் சொல்லணும். அதுதான் மரியாதை."

சுட்டிக்கு வெட்கமாகப் போயிற்று. இத்தனை நாள் மரியாதை தெரியாமல் இருந்துவிட்டோமே என்று நினைத்தான். இனிமேல் அப்படியே சொல்வது என்று முடிவு செய்துகொண்டான்.

பச்சையைப் பூசி முடித்ததும் முதலில் கோப்பம்மாள் வீட்டுக்குப் போனான். "திற!" என்றான். கதவு திறந்தது. "கிளிக்கு ஒரு இடம் ஒதுக்கி வையிங்கக்கா. மூக்குக்குச் சிவப்புதான் பாக்கி. வாரேன்!" என்று சிரித்த முகமாகச் சொல்லி இறங்கினான். பிள்ளை விடைபெற்றுக்கொண்டது என்று கோப்பம்மாள் கதவைச் சாத்திவிட்டாள்.

அடுத்தது வண்ணத்தாய் வீடு. சிவப்பை எடுத்துக்கொண்டு, "வாரேன்க்கா!" என்றான் அதே சிரிப்போடு.

அந்த மகராசிக்கு மனசு நிறைந்துவிட்டது. இந்தத் தெருவில் அவளிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. வாரேன் என்று சொன்ன பிள்ளை வந்துவிடுவான் என்று கதவை அகலத் திறந்து வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள்.

மூக்கு சிவந்தது. மணி ஒன்பதுக்குப் பத்து நிமிடம். கிளியைத் தூக்கிக்கொண்டு சுட்டி கோப்பம்மாள் வீட்டுக்குத் திரும்பினால், தெருவை அடைத்துக்கொண்டு வண்ணத்தாயின் கதவு நிற்கிறது. அவன் எங்கே தட்டினாலும் அந்தக் கதவில்தான் தட்டல் விழுந்தது.

"வந்துட்டியா ராசா! வா, வா. என்ன கலர் வேணும்?"

"கலர் வேண்டாம்க்கா. கதவை…"

"வந்த பிள்ளையை வெறுங்கையோடவா அனுப்புவேன்? இந்தா, ரோஸ்."

வேறு வழியில்லாமல் உள்ளே போய் ரோஸை வாங்கினான். வெளியே வரும்போது 'மூடு' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். வந்தது "வாரேன்க்கா!" நல்ல பழக்கம் நாக்கில் ஒட்டிக்கொண்டால் லேசில் விடாது பாருங்கள்.

"வா ராசா. கதவு திறந்தே இருக்கும்" என்றாள் வண்ணத்தாய்.

கையில் இருந்த ரோஸை என்ன செய்வது? கிளியின் கழுத்தைச் சுற்றி ஒரு கோடு போட்டான். "அட, இது எனக்கு நல்லாத்தான் இருக்கு" என்று கிளி கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது.

மறுபடி தட்டினான். மறுபடி வண்ணத்தாய். இந்த முறை ஊதா கொடுத்தாள். மறுபடி "வாரேன்க்கா!"

"எனக்கு ஊதா வேண்டாம்!" என்று கிளி கத்தியது. "நாக்கைக் கடிச்சுக்கிட்டு 'மூடு'ன்னு சொல்லு!"

"நீதான சொல்லிக்கொடுத்த!"

அதற்குள் மணி ஒன்பது அடிக்கப்போகிறது. வெளிச்சம் ஒருமுறை துடித்து மங்கியது. கிளியின் வால் நுனி கரைய ஆரம்பித்தது. "ஐயோ சுட்டி, நான் போறேன் போலிருக்கே" என்றது.

"'போறேன்'னு சொல்லாத!" என்று தெருவே சேர்ந்து கத்தியது. வாசலில் நின்ற வண்ணத்தாயும்கூடத்தான்.

இதை எல்லாம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பலகையக்கா அப்போதுதான் வாய் திறந்தாள். அவள் எந்த வீட்டுக்கும் போகிறவள் இல்லை. அதனால் விடைபெறும் மரியாதையும் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை. முன்வாசல் அடைத்துக் கிடப்பதைப் பார்த்தாள். 'மூடு' என்று சொல்லி, கதவு மூடி, சுட்டி போய்ச் சேர நேரமில்லை. கண்ணை மூடி ஒரு நொடி ஆண்டவரை நினைத்தாள். தன் கட்டைகளில் இரண்டை ஒன்றாகச் சேர்த்து ஒரே அழுத்தாக அழுத்தி, கோப்பம்மாள் வீட்டுப் பின்வாசல் பக்கமாக ஒரு குரல் கொடுத்தாள்.

"ஏ கோப்பம்மா! திறக்கவும் வேண்டாம், மூடவும் வேண்டாம். பிள்ளையை அப்படியே வாங்கி உள்ள வையி!"

அடுப்படியில் நின்ற கோப்பம்மாள் ஓடிவந்து, பின்வாசல் வழியாக வீட்டைச் சுற்றித் தெரு வரைக்கும் கையை நீட்டினாள். கிளியை அப்படியே அள்ளி உள்ளே எடுத்தாள். கரண்டு போனது.

மத்தியானம் இரண்டு மணிக்கு வெளிச்சம் திரும்பியதும், எல்லாரும் கோப்பம்மாள் வீட்டு வாசலில் கூடிவிட்டார்கள். அவள் கதவைத் திறந்தாள். பச்சை உடம்பு, சிவப்பு மூக்கு, கழுத்தில் ரோஸ் வளையம். வாலில் மட்டும் ஒரு நுனி குறைச்சல். "பரவாயில்ல, அது வளரும்" என்று சொல்லிக்கொண்டே கிளி விர்ரென்று தெருவைச் சுற்றிப் பறந்தது. சுட்டி சந்தோஷத்தில் குட்டிக்கரணம் போட்டான்.

அப்புறம்தான் அக்கா தங்கைக்குள் பேச்சு வந்தது.

"வாரேன்னு சொன்னா போறதுன்னு அர்த்தம். நீ ஏன் கதவைத் திறந்துபோட்டு நின்ன?" என்றாள் கோப்பம்மாள்.

"வாரேன்னு சொன்னா வாரதுன்னு அர்த்தம். நீ ஏன் பிள்ளை முகத்துல அடிச்ச மாதிரி சாத்துன?" என்றாள் வண்ணத்தாய்.

"மூணு தடவை வந்தான்ல, அதுக்கு அப்புறமாவது மூடியிருக்கலாம்ல?"

"மூணு தடவையும் வாரேன்னுல்லா சொன்னான்!"

இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் பேசப் பேச இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு பேரும் சொன்னது சரிதானே? ஆண்டவர் எல்லாருக்கும் ஒரே சொல்லைக் கொடுத்தார், கேட்கிற காது மட்டும் ஆளுக்கொன்று.

அவர்களுக்குப் பிறகு அந்தத் தெருவில் எத்தனையோ வீடுகள் வந்தன. சில வீட்டார் வண்ணத்தாய் பக்கம், சில வீட்டார் கோப்பம்மாள் பக்கம். பின்வாசல் வைப்பதில் மட்டும் எல்லாருக்கும் ஒரே ஆசை. "எங்க வீட்டுக்கு எந்த ரெண்டு கட்டை, பலகையக்கா?" என்று வரிசையில் வந்து நின்றார்கள். ஒவ்வொருவரும் தனக்குப் பிடித்த இரண்டைக் கேட்டு வாங்கிப் போனார்கள். பக்கத்து வீட்டில் என்ன கேட்டார்கள் என்று ஒருவரும் விசாரிக்கவில்லை.

அன்று முதல்தான் ஒரு மெனு சுட்டி விலகினதும் சாத்திக்கொள்கிறது, இன்னொரு மெனு அவன் திரும்பி வருவான் என்று திறந்தே நிற்கிறது, கீபோர்டில் தட்டுகிற வேலை மட்டும் கதவையே காட்டாமல் பின்வாசல் வழியாக நடந்துவிடுகிறது.

பிள்ளைகளே, ஒரு மெனு மூடவில்லை என்றால் மவுஸைத் தூக்கி மேசையில் அடிக்காதீர்கள்.