இருபத்து நான்காம் நாள்

திருமேனியின் வலைப்பூ ஏழு மாதமாகச் செத்துக் கிடந்தது.

பக்கவாதத்தில் விழுந்த அப்பாவை நடக்க வைக்கும் கதை அது. முதல் நாள், இரண்டாம் நாள் என்று தலைப்பிட்டு எழுதினான். இருபத்து மூன்றாம் நாளோடு நின்றது. அதன்பின் எட்டுப் பதிவுகள் உண்டு. எட்டிலும் ஒரே சங்கதி. ‘மன்னிக்கவும் நண்பர்களே, வேலைப்பளு. இனி வாரம் தவறாமல் எழுதுவேன்.’

குருவிடம் போனான்.

“சாமி, தினமும் எழுத ஒரு வழி சொல்லுங்கள்.”

“இதுவரை என்ன செய்தாய்?”

“டெம்ப்ளேட் மாற்றினேன்.”

“எத்தனை முறை?”

“பதினொன்று. எழுத்துருவையும் மாற்றினேன். ஐந்து மணிக்கு அலாரம் வைத்தேன். புது நாற்காலி வாங்கினேன்.”

“நாற்காலி வசதியா?”

“நன்றாக இருக்கிறது, சாமி.”

“தூங்க நன்றாக இருக்கும். செல்லைக் கொடு.”

குரு விரலால் தள்ளிக்கொண்டே போனார். ஓரிடத்தில் நிறுத்தினார்.

“அனுமதிக்குக் காத்திருப்பவை, இருபத்து மூன்று. இது என்ன?”

“பின்னூட்டங்கள். நான் சரி என்றால்தான் வெளியே தெரியும். ஏதாவது விளம்பரமாக இருக்கும். பார்ப்பதில்லை.”

“படி.”

விளம்பரம் இல்லை. இலஞ்சியிலிருந்து முத்துச்செல்வி என்று ஒரு பெண். நாளுக்கு ஒன்றாக எழுதியிருந்தாள்.

‘அண்ணா, எங்க வீட்டுக்காரருக்கும் இதே நோவுதான். இன்னைக்கு முதல் நாள் ஆரம்பிச்சிட்டோம்.’

‘ஒன்பதாம் நாள். கட்டைவிரல் அசைஞ்சுது. மாமியார் நம்பலை.’

கடைசியானது நேற்று வந்தது.

‘இருபத்து மூணு. சுவரைப் பிடிச்சு நின்னுட்டார்! இருபத்து நாலைக் காணோமே? பரவாயில்லை, நாளைக்குச் சாயங்காலம் நாங்களே கையை விட்டுப் பார்க்கிறோம்.’

திருமேனிக்கு முகம் வெளுத்தது.

“இருபத்து நாலில் நீ என்ன செய்தாய்?” என்றார் குரு.

“கையை விட்டேன்.”

“ம்.”

“விழுந்துவிட்டார். இடுப்பு எலும்பு முறிந்தது. இன்னும் படுக்கைதான்.”

“அதை ஏன் எழுதவில்லை?”

“எப்படி எழுதுவது, சாமி? அத்தனை பேர் பாராட்டினார்கள்.”

“மணி என்ன?”

“மூன்றரை.”

“எழுது.”

“எங்கே ஆரம்பிப்பது என்று…”

“கையை விடாதே என்று ஆரம்பி. சாயங்காலம் உனக்காகக் காத்திருக்காது.”

தரையில் உட்கார்ந்து எழுதினான். அப்பா விழுந்ததை எழுதினான். தன் அவசரத்தையும் எழுதினான்.

ஐந்தே முக்காலுக்குப் பதில் வந்தது. ‘நல்லவேளை அண்ணா. கட்டிலை விட்டு இறங்கிட்டார். திரும்பப் படுக்க வச்சிட்டோம், என்மேல கோபம். சரி, நாளைக்கு என்ன செய்யட்டும்?’

பதில் சொல்ல அவனுக்குத் தெரியவில்லை. தெரிய வேண்டுமானால் அப்பாவோடு மறுபடி ஆரம்பிக்க வேண்டும். வைத்தியரைக் கேட்டு, அப்பாவின் காலை மெல்ல மடக்கி நீட்டினான். செய்ததை எழுதினான். மறுநாளும் அவள் கேட்டாள்.

மூன்று மாதம் கழித்து ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு குருவிடம் வந்தான்.

“ஒரு நாள் தவறவில்லை, சாமி. நேற்று அப்பா தானே எழுந்து உட்கார்ந்தார். எல்லாம் உங்கள் அருள்.”

“பழத்தை எடு.”

“சாமி?”

“இடம் மாறி வந்துவிட்டாய். நான் உன்னை ஒரு நாள்தான் எழுதச் சொன்னேன். மற்ற நாளெல்லாம் சொன்னவள் முத்துச்செல்வி.”