மூன்றாம் ஓலை

மூன்று ஓலை வாசித்து முடிக்க எத்தனை ஞாயிற்றுக்கிழமை வேண்டும், சொல்லுங்கள் பார்ப்போம்?

மூன்றுதானே? முத்தன்துறைக் கோயிலில் ஒரு தடவை ஏழு ஆனது.

ஓலை என்றால் வேறொன்றும் இல்லை. கல்யாணம் பேசி முடித்ததும், இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் என்று பூசை முடிவில் சாமியார் வாசிப்பார். மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் கடைசியில், ‘இதற்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்’ என்று ஒரு வரி வரும். அந்த நேரம் பார்த்து, தூங்குகிற பிள்ளைகூட முழித்துக்கொண்டு திரும்பித் திரும்பிப் பார்க்கும். ஒருவரும் எழுந்திருக்க மாட்டார்கள். மூன்றாவதும் தாண்டிவிட்டால் பந்திக்கு இலை வாங்க வேண்டியதுதான்.

முத்தன்துறைப் பங்குத்தந்தை, அதாவது அந்தக் கோயில் சாமியார், வெனான்சியுஸ். வயது நாற்பத்து நான்கு. குருப்பட்டம் வாங்கிப் பதினேழு வருஷம். பூசை ஏழு மணிக்கு என்றால் கடிகாரம்தான் அவரைப் பார்த்துத் திருத்திக்கொள்ளும்.

மணப்பெண் ஜெனோவா டீச்சர். பங்குப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுக்கிறவர். இரண்டு தம்பிகளைப் படிக்க வைத்து, அவர்களுக்குக் கல்யாணமும் முடித்து, நிமிர்ந்து பார்த்தால் முப்பத்தெட்டு வயது. கோயில் பாட்டுக் குழுவும் அவர் பொறுப்பு. ஞாயிறு பூசைக்கு என்ன பாட்டு என்று சனிக்கிழமை காலையில் சாமியாரிடம் வந்து பேசுவார். ஐந்து வருஷமாக இதே வழக்கம். கதவு திறந்திருக்கும். நடுவில் மேஜை இருக்கும். ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசியது கிடையாது.

மாப்பிள்ளை எப்ரேம், பக்கத்துக் கோயில் பங்கான பனங்கரைக்காரர். மஸ்கட்டில் படகு எஞ்சின் மெக்கானிக். மனைவி இறந்து நாலு வருஷம்.

முதல் ஓலை நன்றாகத்தான் நடந்தது. அடுத்த சனிக்கிழமை எப்ரேம் டீச்சரைத் தன் பைக்கில் கொண்டுவந்து விட்டார். டீச்சர் அவர் தோளில் கையை ஊன்றி இறங்கினார். சேலை கட்டியவர்கள் பைக்கிலிருந்து வேறு எப்படித்தான் இறங்குவார்கள்?

சாமியார் அதை ஜன்னல் வழியாகப் பார்த்தார்.

மறுநாள் ஓலை நோட்டைக் காணவில்லை என்றார்.

அதற்கடுத்த வாரம் மாப்பிள்ளையின் ஞானஸ்நானச் சான்றிதழ் ஆறு மாதத்துக்கு முந்தியது, புதிது வேண்டும் என்றார். எப்ரேம் புதிது கொண்டுவந்தார். இரண்டாம் ஓலையை வாசித்தே ஆக வேண்டியதாயிற்று. பிறகு, முதல் மனைவியின் இறப்புச் சான்றிதழ் நகல் செல்லாது என்றார். அதற்கப்புறம் திருமணப் பயிற்சிச் சான்றிதழில் கையெழுத்து சரியில்லை.

எல்லாம் சட்டப்படி.

எப்ரேம் ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை. “வேற ஏதும் வேணுமா சாமி?” என்று கேட்டு, மஸ்கட் பேரீச்சம்பழப் பெட்டியை மேஜையில் வைத்துவிட்டுப் போவார். அந்த மரியாதையில்தான் சாமியாருக்கு இன்னும் எரிந்தது. பெட்டி பிரிக்காமலே கிடந்து எறும்பேறியது.

ஊர் சும்மா இருக்குமா? மீன் ஏலம் போடுகிற இடத்தில் பேச்சு ஆரம்பித்தது.

“மஸ்கட்ல அவனுக்கு வேற குடும்பம் இருக்கோ என்னமோ.”

“சாமி காரணமில்லாம நிறுத்துவாவளா?”

எல்லாரும் எப்ரேமைத்தான் சந்தேகப்பட்டார்கள். சாமியாரைச் சந்தேகப்படலாம் என்று ஒருவருக்கும் தோன்றவே இல்லை.

ஏழாவது ஞாயிறு வந்தது. விட்டால் புதன்கிழமை விபூதிப் புதன்; நாற்பது நாள் தவக்காலம் தொடங்கிவிடும். தவக்காலத்தில் அந்தப் பக்கம் கல்யாணம் வைப்பதில்லை. திங்கட்கிழமை கல்யாணத்துக்குப் பத்திரிகை அடித்தாயிற்று. எப்ரேமுக்கு வருகிற சனிக்கிழமை விமானம். அடுத்த லீவு இரண்டு வருஷம் கழித்து. முப்பத்தெட்டில் இருக்கிற பெண்ணுக்கு இரண்டு வருஷம் என்றால் என்னவென்று நான் சொல்ல வேண்டியதில்லை.

முந்தின நாள் சனிக்கிழமை, காலை எட்டு மணிக்கே எப்ரேம் கடைசிச் சான்றிதழையும் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். சாமியார் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். ஒரு குறையும் கிடைக்கவில்லை.

கட்டை விரலை நாக்கில் தொட்டார். ஊதா முத்திரையின் மேல் வைத்துத் தேய்த்தார்.

பத்து மணிக்கு ஜெனோவா டீச்சர் வந்தார்.

“முத்திரை தெளிவா இல்ல டீச்சர். நாளைக்கு வாசிக்க முடியாது.”

டீச்சர் தாளை வாங்கிப் பார்த்தார். ரேங்க் கார்டில் எச்சில் தொட்டு மார்க்கை அழிக்கும் பிள்ளைகளைப் பதினைந்து வருஷமாகப் பார்த்த கண் அது. தாளைத் திருப்பி மேஜையில் வைத்தார்.

“சரி ஃபாதர்.”

அவ்வளவுதான். போய்விட்டார்.

சாமியார் மூன்று தடவை சோப்புப் போட்டு விரலைக் கழுவினார். பிறகு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பனங்கரைக்குப் போனார்.

பனங்கரை பங்குத்தந்தை ரெமிஜியுஸ். இவரைவிட எட்டு வயது இளையவர். ஒரு தியானக் கூட்டத்தில் அவர் பேசியதைக் கேட்டுவிட்டு, இனி நீதான் என் ஆன்ம குரு என்று வெனான்சியுஸ் போய் நின்றிருந்தார். “என் வயசைப் பாருங்க ஃபாதர்” என்று அவர் தயங்க, “வயசு பார்க்க நான் என்ன பொண்ணா பாக்கேன்?” என்றாராம் இவர். அன்றிலிருந்து ஒருவர் குரு, ஒருவர் சீடர்.

குரு அடுக்களையில் தரையில் உட்கார்ந்து சாளை மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்தார்.

“தம்பி, நீ என் பாவசங்கீர்த்தனம் கேக்கணும். என் பாவத்தைச் சொல்லணும்.”

“கேட்டாப் போச்சு. உங்க ஞானஸ்நானச் சான்றிதழ் கொண்டு வந்தீங்களா?”

“எதுக்கு?”

“ஆறு மாசத்துக்குள்ள வாங்கினதா இருக்கணும். குருப்பட்டச் சான்றிதழும் வேணும். நகல் செல்லாது.”

“என்ன தம்பி கிண்டலா?”

“சட்டம் ஃபாதர். அடுத்த ஞாயிறு வாங்க.”

“நான் நரகத்துல நிக்கேன், நீ பேப்பர் கேக்கியா?”

குரு அடுத்த மீனை எடுத்தார்.

“எப்ரேமும் அப்படித்தான் நின்னாரு. ஆனா என்கிட்ட சத்தம் போடல. ஒண்ணு மாத்தி ஒண்ணு, மூணு தடவை முத்திரை குத்திக் கொடுத்தேன்.”

வெனான்சியுஸ் சுவரோரமாக அப்படியே உட்கார்ந்துவிட்டார். வெள்ளை அங்கி ஈரத்தில் பட்டது. அவர் கவனிக்கவில்லை.

“உனக்குத் தெரியுமா?”

“ரெண்டாவது தடவையே தெரிஞ்சது.”

“பின்ன ஏன் என்கிட்ட கேக்கல?”

“ஒரு சாமி செய்யறதை இன்னொரு சாமி எப்படிக் கேக்கதுன்னு இருந்துட்டேன். அது என் பாவம். நான் வேற ஆள்கிட்ட போய்ச் சொல்லிக்கிடுதேன்.” குரு மீனை அலசினார். “விரல் என்ன ஊதாவா இருக்கு?”

சீடர் விரலை மடக்கிக்கொண்டார். பிறகு விரித்துக் காட்டினார். எல்லாவற்றையும் சொன்னார்.

“தம்பி, ஒண்ணு கேக்கேன். பதினேழு வருஷம். ஒரு பெண்ணையும் தொட்டதில்ல. டீச்சர்கிட்ட ஒரு வார்த்தை தப்பாப் பேசினதில்ல. கொடுத்த வாக்கைக் காப்பாத்தித்தானே வச்சிருக்கேன்? பின்ன எனக்குள்ள இது எங்க இருந்து வந்தது?”

“செமினரியில ஆசையைப் பத்தி நமக்கு என்ன சொல்லித் தந்தாங்க?”

“பச்சைத் தண்ணில குளி, ஃபுட்பால் ஆடுன்னாங்க.”

“ஆடினீங்களா?”

“நான்தான் கோல் கீப்பர்.”

குரு சிரித்துவிட்டார். சீடருக்கும் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் போய்விட்டது.

“அஞ்சு வருஷமா சனிக்கிழமை ஆனா காலையில சீக்கிரம் முழிப்பு வரும். ஏன்னு நான் என்னையே கேட்டதில்ல தம்பி. அந்த மனுஷன் தோள்ல அவங்க கை வச்சு இறங்கினப்பதான் தெரிஞ்சது. பூசையில அப்பத்தை உயர்த்துதேன், அந்தக் கைதான் தெரியுது.”

“ம்.”

“எனக்கு எல்லாரும் தோத்திரம் சொல்லுதாவ. நான் போனா எழுந்திருக்காவ. என் அம்மாகூட என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுறதை நிறுத்தியாச்சு. தோள்ல கை வைக்க ஒருத்தர் கிடையாது.”

குரு தன் கையைப் பார்த்தார். முழங்கை வரை செதில்.

“நான் கழுவிட்டு வந்து வைக்கலாம். ஆனா நீங்க கேக்கது இந்தக் கை இல்ல ஃபாதர்.”

“இல்ல.”

“டீச்சர் மேல ஆசை வந்ததுக்கு நான் உங்களைக் கும்பிடவும் மாட்டேன், அடிக்கவும் மாட்டேன். அதுக்குப் பேர் வச்சிருந்தீங்கன்னா அஞ்சு வருஷத்துக்கு முந்தியே இந்த அடுக்களைக்கு வந்திருப்பீங்க. பேர் வைக்காம விட்டீங்க. அது சட்டப் புத்தகத்தைத் தூக்கிக்கிட்டு வந்து நின்னுச்சு.”

சீடர் அங்கி ஓரத்தால் ஊதா விரலைத் தேய்த்தார்.

“யாருக்கும் புருஷனாக மாட்டேன்னு ஆண்டவர்கிட்ட சொன்னீங்க. இந்த ஆறு வாரமும் டீச்சருக்குப் புருஷன் மாதிரி காவல் இருந்தது யாரு?”

வெளியில் ஒரு காக்கை மீன் தலைக்காகக் கத்தியது. குரு ஒன்றைத் தூக்கி எறிந்தார். கையைக் கழுவினார். அலுவலக அறைக்குப் போய் புதுத் தாள் ஒன்றில் எழுதி, முத்திரை குத்தி, ஈரம் காயும்வரை ஊதிக்கொண்டே வந்தார்.

“நாலாவது தடவை. இதைப் பையில வைங்க, கையில வேண்டாம்.”

“நீயே நாளைக்கு வந்து வாசிச்சிடேன் தம்பி. எனக்குக் குரல் வராது.”

“நான் வாசிச்சா ஊர் இன்னும் பேசும். எப்ரேமை என்ன பேசுதாங்கன்னு தெரியுமா?”

“தெரியும்.”

“ஓலை வாசிக்கணும். அந்தப் பேச்சையும் நீங்கதான் நிறுத்தணும்.”

“இது இன்னும் உள்ள எரியுது தம்பி. இப்பக்கூட அந்த மனுஷன் முகத்தைப் பார்த்தா எனக்கு ஆகாது. இது எப்பப் போகும்?”

“தெரியாது.” குரு யோசித்தார். “நாளைக்கு ஏழு மணிக்குள்ள போகாது. அதையும் கூட்டிக்கிட்டே போய் வாசிங்க.”

அதன் பிறகு கதவைச் சாத்திக்கொண்டு இருவரும் கோயிலுக்குள் உட்கார்ந்தார்கள். பாவசங்கீர்த்தனத்தில் என்ன பேசினார்கள் என்பது நமக்கு வேண்டாம்.

ஞாயிறு ஏழு மணிக்குப் பூசை. எப்ரேம் புதுச் சட்டை போட்டு முன்வரிசையில் இருந்தார். ஜெனோவா டீச்சர் கீபோர்டுக்குப் பக்கத்தில் நின்றார். ஓலை வரும் என்று அவர் எதிர்பார்த்த மாதிரியே தெரியவில்லை.

பூசை முடிவில் சாமியார் நோட்டைத் திறந்தார்.

“பனங்கரைப் பங்கைச் சேர்ந்த எப்ரேம், நம் பங்கைச் சேர்ந்த ஜெனோவா. இது மூன்றாம் ஓலை. இதற்குத் தடை ஏதும் அறிந்தவர்கள்…”

நின்றார். சனங்கள் தலை தூக்கினார்கள். எப்ரேம் உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

சாமியார் நோட்டை மூடினார்.

“தடை ஒண்ணும் இல்ல. பேப்பர் எல்லாம் ஒவ்வொரு தடவையும் சரியாத்தான் இருந்தது. இத்தனை நாள் இழுத்தடிச்சது நான். நேத்து ஒரு முத்திரையை அழிச்சதும் நான்தான். எப்ரேம் மேல ஒரு குறையும் கிடையாது. அவரைப் பேசினவங்க அவர்கிட்ட மன்னிப்புக் கேளுங்க. முதல்ல நான் கேக்கேன்.”

 யாரோ குழந்தையை அதட்டினார்கள். எப்ரேம் என்ன செய்வதென்று தெரியாமல் எழுந்து நின்று கும்பிட்டார். அவர் திரும்பி டீச்சரைப் பார்க்க, டீச்சர் அவரைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பு சாமியாருக்கு வலித்தது. வலியோடேயே ஆசீர்வாதம் கொடுத்து முடித்தார்.

உடுப்பு மாற்றும் அறைக்கு ஜெனோவா டீச்சர் வந்தார். வாசலிலேயே நின்றுகொண்டார்.

“ஃபாதர்.”

“சொல்லுங்க டீச்சர்.”

“நாளைக்கு எங்க கல்யாணத்தை நீங்க மந்திரிக்க வேண்டாம். நேத்து சாயந்தரமே ரெமிஜியுஸ் சாமியைக் கேட்டாச்சு. நீங்க வாசிச்சா அவுங்க வந்து மந்திரிக்கதாச் சொன்னாவ.”

சாமியார் கழற்றிய உடுப்பை மடித்தார். மடிப்பு சரியாக வரவில்லை. பிரித்து மறுபடி மடித்தார்.

“வாசிக்கலன்னா?”

“அவரு சனிக்கிழமை மஸ்கட் போயிருப்பாரு. நான் திங்கட்கிழமை ஸ்கூலுக்கு வந்திருப்பேன். மூணாம் வகுப்புக்கு வாய்ப்பாடு நடத்தணும்ல?”

அவரால் டீச்சரின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“நான் நாளைக்கு ஊர்ல இல்லாம இருந்துக்கிடுதேன்.”

“வேண்டாம் ஃபாதர். வரணும்.”

“நான் வந்து என்ன செய்ய?”

“அங்கி போடாம வாங்க. எங்க தம்பிமாரோட பெஞ்சுல உக்காருங்க. எங்க ரெண்டு பேருக்காகவும் ஒரு பரலோக மந்திரம் சொல்லுங்க.” டீச்சர் போகத் திரும்பினார். நின்றார். “பாதியில நிறுத்திராதீங்க ஃபாதர். கடைசி வரைக்கும் சொல்லுங்க.”