எனக்குன்னு ஒண்ணும் இல்ல

குருன்னா தாடி இருக்கணும்னு நினைக்கறவங்களுக்கு முதல்லயே சொல்லிடறேன், எங்க குருவுக்கு மீசையே சரியா வரல.

பேரு நவநீதன். ஆடிட்டர். என் தம்பியோட ஒண்ணாப் படிச்சவர். பரீட்சை சமயத்துல எங்க வீட்டு இட்லியைத் தின்னுட்டு என்கிட்டயே டவுட் கேட்ட பையன். அவர் பாஸாகி கரூர்ல ஆபீஸ் போட்டுட்டார். நான் கல்யாணம், குழந்தைன்னு நடுவுல விட்டுட்டு, முப்பத்தி நாலு வயசுல அவர்கிட்டயே ஆர்ட்டிகிள்ஸ் சேர்ந்தேன். அதாவது, அவர்கிட்ட இருந்து வேலை கத்துக்கணும், அவர் கையெழுத்துப் போட்டாதான் நான் கடைசிப் பரீட்சை எழுத முடியும். நான் அவரை சார்ங்கறேன். அவர் என்னை அக்காங்கறார். ரெண்டு பேருக்கும் பழகிடுச்சு.

ஆபீஸ்ல மத்தவங்க எனக்கு வெச்ச பேரு வாயாடி.

ஜூலை மாசம், வருமான வரி ரிட்டர்ன் போடற கூட்டம் நெருக்கித் தள்ளற நேரம், சம்பூரணம் டீச்சர் வந்தாங்க. ஹைஸ்கூல்ல கணக்கு டீச்சர். சம்பளத்தைத் தவிர வேற வருமானம் உண்டான்னு கேட்டேன். இல்லன்னாங்க. டெபாசிட் கிடெபாசிட்? இல்ல. ஆனா அவங்க தோள்ல தொங்கின துணிப்பையில கூட்டுறவு சொசைட்டி பேரு பெருசா அச்சடிச்சிருந்துச்சு. அந்தப் பையை டெபாசிட் போட்டவங்களுக்குத்தான் புது வருஷத்துக்குக் குடுப்பாங்க, ஊருக்கே தெரியும். பேங்க் வட்டின்னா கம்ப்யூட்டர்ல தானா வந்து உக்காந்துக்கும். இந்த சொசைட்டி வட்டி நாம சொன்னாதான் வரும்.

நான் விடல. பை இருக்கு, டெபாசிட் இல்லையான்னு கேட்டேன். அவங்க முகம் சுருங்கிப் போச்சு. அதோட நிறுத்தியிருக்கலாம். "டீச்சர், உங்க கிளாஸ்ல ஒரு பையன் இப்படி பதில் சொன்னா விட்டுடுவீங்களா?"ன்னேன்.

டீச்சர் எந்திரிச்சு நேரா சார் ரூமுக்குப் போனாங்க. இந்தப் பொண்ணு என்னைத் திருடிங்கறான்னு சொல்லிட்டு, பையைத் தோள்ல மாட்டிக்கிட்டுக் கிளம்பிட்டாங்க.

சார் என்னைக் கூப்பிட்டார். திட்டினா பதிலுக்குத் திட்டலாம்னு ரெடியா போனேன். அவர் திட்டல.

"அக்கா, உங்களை வெச்சுக்கறதா வேணாமான்னு சனிக்கிழமை பேசலாம்."

வேற ஆபீஸ்ல சேரணும்னா திருச்சிக்கோ கோயமுத்தூருக்கோ போகணும். சாயங்காலம் ஸ்கூல் வாசல்ல நிக்க வேண்டியவளுக்கு அது நடக்கற காரியமா? இங்க இருந்து அனுப்பினா என் படிப்பு அவ்வளவுதான்.

"அதுவரைக்கும் என்ன பண்ணட்டும் சார்? அழுதுட்டு உக்காந்திருக்கட்டுமா?"

"ஒரு வேலை இருக்கு. ரிட்டர்ன் போட சாப்ட்வேர் வாங்கணும். மூணு கம்பெனி ட்ரையலுக்குக் குடுத்திருக்காங்க. எது நல்லதுன்னு பாத்துச் சொல்லுங்க."

"எது நல்லதுன்னு எப்படிப் பாக்கறது?"

சார் தன் நாற்காலியைத் தூக்கிட்டு வந்து, கிளையண்ட் உக்கார்ற பக்கம் போட்டு உக்காந்தார்.

"நான்தான் கிளையண்ட். திரையில என்ன கேக்குதோ அதை மட்டும் என்கிட்ட வாசிங்க. உங்க சொந்தச் சரக்கு ஒரு வார்த்தை வரக் கூடாது."

எனக்கு அதைவிடப் பெரிய தண்டனை வேற இல்லைன்னு அவருக்குத் தெரியும்.

முதல் சாப்ட்வேர் வேற வருமானம் உண்டான்னு கேட்டுச்சு. இல்லன்னார். உடனே திரை பூரா கலர் காகிதம் பறந்துச்சு, வாழ்த்துகள்னு வந்துச்சு. ரிட்டர்ன் போட்டதுக்கா, பிள்ளை பெத்ததுக்கான்னு தெரியல.

ரெண்டாவது, "வணக்கம் குழந்தைவேல்"னு ஆரம்பிச்சுது. குழந்தைவேல் சாரோட அப்பா. நமக்கு இருக்கறது இனிஷியல், இந்த சாப்ட்வேருங்களுக்கு வேண்டியது குடும்பப் பேரு. பான் கார்டுல அப்பா பேரைக் கடைசியில போட்டா இதுதான் கதி. சார் ரொம்பப் பணிவா, "அப்பா ரெண்டு தெரு தள்ளி இருக்கார், கூட்டிட்டு வரட்டுமா?"ன்னு திரையைப் பார்த்துக் கேட்டார். நான் சிரிச்சுத் தொலைச்சேன். கோபமா இருக்கணும்னு முடிவு பண்ணி வந்த அன்னிக்கு இப்படியெல்லாம் சிரிக்க வெக்கக் கூடாது.

மூணாவதுதான் ஆளைக் கொன்னுது. வேற வருமானம் உண்டா? இல்ல. சேமிப்புக் கணக்குல வட்டி வந்துச்சா? இல்ல. டெபாசிட் இருக்கா? இல்ல. போஸ்ட் ஆபீஸ், சொசைட்டி, இதுல ஏதாவது? இல்ல. ஒருதடவை யோசிச்சுப் பார்க்கிறீர்களா? இல்ல, இல்ல, இல்ல. சார் வேணும்னே ஒவ்வொரு இல்லையையும் இழுத்து இழுத்துச் சொன்னார். வாசிக்கற எனக்குப் பல்லு நறநறன்னு வந்துச்சு.

"கோபம் வருதா அக்கா?"

"பின்ன வராதா சார்? எத்தனை தடவை இல்லம்பீங்க."

"அதுக்கு வரல பாருங்க."

திரையைப் பார்த்தேன். முதல் கேள்வி எந்த எழுத்துல இருந்துச்சோ, கடைசிக் கேள்வியும் அதே எழுத்துல, அதே சைஸ்ல, நிதானமா உக்காந்திருந்துச்சு.

நான் உடனே என் முடிவைச் சொன்னேன். முதல் சாப்ட்வேரை வாங்குங்க. ஒரே கேள்வி, உடனே வாழ்த்து, யாருக்கும் மனசு நோகாது, யாரும் உங்க ரூமுக்கு வந்து கம்ப்ளெயின்ட் பண்ண மாட்டாங்க, உங்களுக்கு வேண்டியது அப்படிப்பட்டதுதானே. அந்த மூணாவதுக்கு வாய் ஜாஸ்தின்னேன். குத்தலாத்தான் சொன்னேன்.

சார் தலையாட்டிட்டு, சனிக்கிழமை டீச்சரை வரச் சொல்லியிருக்கேன், அந்த மூணாவதையே வெச்சு அவங்க ரிட்டர்னைப் போடுங்கன்னார்.

"சார், அவங்க என் மூஞ்சியைப் பார்த்தாலே எந்திரிச்சுப் போயிடுவாங்க."

"நீங்க எங்க கேக்கப் போறீங்க? மெஷின்தானே கேக்குது."

சனிக்கிழமை டீச்சர் வந்தாங்க. அதே பை. சார் எனக்குப் பின்னாடி, ஜன்னலைப் பார்த்த மாதிரி நின்னுக்கிட்டார். கீழே பஸ் பாடி கட்டற ஷெட்டுல தகரத்தை அடிக்கற சத்தம்.

சார் டீச்சர்கிட்ட, புது மெஷின் வந்திருக்கு, திரையில வர்றதை அக்கா வாசிப்பாங்க, பதில் சொன்னா போதும்னார். டீச்சர் என்னைப் பார்க்காம கம்ப்யூட்டரோட முதுகைப் பார்த்து உக்காந்தாங்க.

வாசிச்சேன். வேற வருமானம்? இல்ல. சேமிப்புக் கணக்கு வட்டி? அது வந்துச்சு, எவ்வளவுன்னு சொன்னாங்க. டெபாசிட் இருக்கா?

"எனக்குன்னு ஒண்ணும் இல்லப்பா," மெஷினைப் பார்த்துச் சொன்னாங்க.

போஸ்ட் ஆபீஸ், சொசைட்டி, இதுல ஏதாவது?

"எனக்குன்னு எதுவும் இல்ல."

போன தடவையும் அப்படியேதான் சொல்லியிருப்பாங்க. நான் காதுல வாங்கினது கடைசி வார்த்தையை மட்டும். இல்லைங்கறதை மட்டும் பிடிச்சுக்கிட்டு, அதுக்கு முன்னாடி இருந்ததைக் கோட்டை விட்டுட்டேன். எனக்குன்னு. எங்கம்மா வாயில இருந்து ஆயிரம் தடவை கேட்ட வார்த்தை. பீரோ நிறைய புடவை இருக்கும், எனக்குன்னு ஒண்ணும் இல்லடிம்பாங்க, எல்லாம் உனக்கும் உன் தம்பி பொண்டாட்டிக்கும் எடுத்து வெச்சதும்பாங்க. அது பொய்யா? பொய்யில்ல.

ஒருதடவை யோசிச்சுப் பார்க்கிறீர்களான்னு திரை கேட்டுச்சு. டீச்சர் யோசிச்சாங்க. இல்லன்னாங்க. அத்தோட மெஷினும் ஒத்துக்கிச்சு. கேள்வி தீர்ந்துபோச்சு. முடிக்கலாமான்னு பச்சைப் பட்டன் வந்து நின்னுது.

நான் அதை அமுக்கல. திரையையே பார்த்துக்கிட்டு, அதே குரல்ல, அது கேக்கற மாதிரியே வாசிச்சேன்.

"உங்களுக்குன்னு இல்லாம, வேற யாருக்காவதுன்னு ஏதாவது எடுத்து வெச்சிருக்கீங்களா?"

டீச்சர் முகத்துல லைட் போட்ட மாதிரி ஆச்சு.

"ஆமா, என் பொண்ணு மிருதுளா கல்யாணத்துக்கு. சொசைட்டில போட்டிருக்கேன். வருஷம் பூராச் சிறுகச் சிறுக." பையை மடிக்கு இழுத்துக்கிட்டாங்க. "அது அவளோடது. அதையுமா சொல்லணும்?"

திரை பச்சைப் பட்டனோட சும்மா இருந்துச்சு. நான் வாசிச்சேன்.

"பணம் அவளுக்கு. வட்டி யார் பேர்ல வருது?"

கணக்கு டீச்சர் இல்லையா, மேல் கூரையைப் பார்த்து ஒரு தடவை மனசுக்குள்ள போட்டாங்க. அப்புறம் சிரிச்சுட்டாங்க. "என் பேர்லதான். சரி, கணக்கு சரியாத்தான் இருக்கு." பையில கையை விட்டு சொசைட்டி பாஸ்புக்கை எடுத்து அவங்களே மேஜையில வெச்சாங்க. வட்டியைச் சேர்த்து, ரிட்டர்ன் போட்டு முடிச்சேன். பொண்ணுக்கு நாமக்கல்ல ஒரு வரன் வந்திருக்குன்னும், மாப்பிள்ளை உயரம் கொஞ்சம் கம்மின்னும், அதனால என்னன்னும் சொன்னாங்க. நானும் அதனால என்னன்னேன்.

கிளம்பும்போது முதல் தடவையா என் மூஞ்சியைப் பார்த்தாங்க.

"மெஷின் எவ்வளவு மரியாதையாக் கேக்குது பாத்தியாம்மா? அதுகிட்ட இருந்து நீயும் கொஞ்சம் கத்துக்கோ."

பதில் என் நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. முழுங்கினேன். "சரிங்க டீச்சர்." பின்னாடி ஜன்னல் பக்கம் ஒரு இருமல் கேட்டுச்சு. அது இருமல் இல்ல, எனக்குத் தெரியும்.

அவங்க படியிறங்கற வரைக்கும் பொறுத்துட்டு சார் பக்கம் திரும்பினேன்.

"சார், சனிக்கிழமை ஆச்சு. ரெண்டு விஷயம் பாக்கி. எந்த சாப்ட்வேரை வாங்கறது? நான் இருக்கறதா, போறதா?"

சார் வந்து திரையைக் குனிஞ்சு பார்த்தார். மேல இருந்து கீழே வரைக்கும் கேள்விகளை ஒவ்வொண்ணா விரல் வெச்சுத் தேடினார்.

"விலை கம்மியா இருக்கறதை வாங்கிடுங்கக்கா. நீங்க வாசிச்ச அந்தக் கடைசி ரெண்டு கேள்வி எப்படியும் மூணுலயும் இல்ல."