புகைத்துண்டுக்குள் நடந்த பேரம்

மரமும் அணிலும் தீயும் முகம் பார்த்துப் பேசிக்கொண்ட அந்தக் காலத்தில், ஒரு மலைச்சரிவில் பைன் மரம் ஒன்று இருந்தது. மற்ற மரங்களைப் போல அதன் காயும் வெயிலுக்கு வெடித்து விதையைக் கொட்டும். கொட்டி என்ன பிரயோசனம்? பாதியை அணில் தின்றது. மீதி முளைத்து, பெரிய மரங்களின் நிழலில் வெளுத்துச் செத்தது. பைனுக்கென்று நிற்க ஒரு பிள்ளை இல்லை.

"அக்கா, இந்த வருஷம் விதையில் எண்ணெய் கம்மி" என்றது அணில், வாயைத் துடைத்துக்கொண்டே. "அடுத்த வருஷமாவது பார்த்துச் செய்."

பைனுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

மலையடிவாரத்தில் தீ இருந்தது. அப்போது அது காய்ந்த புல்லை மட்டும் மேய்கிற சோனி. பச்சை மரத்தில் ஏறத் தெரியாது. பைன் அதைக் கூப்பிட்டது.

"தம்பி, இந்த நிழலையெல்லாம் நீ தின்றுகொள். என் பிள்ளைகளுக்கு வெறும் தரையும் வெயிலும் வேண்டும்."

"பச்சையில் ஏற எனக்குப் பிசின் வேண்டுமே, தாயி. உன்னுடையதைக் கொடு."

"விதையையும் சேர்த்துத் தின்றுவிட்டால்?"

"காயைப் பிசினால் ஒட்டி மூடு. அணில் பல்லுக்கும் அசையாது, வெயிலுக்கும் அசையாது. நான் வந்து உருக்கினால்தான் திறக்கும். தரை ஆறியதும் விதை விழும்."

மாட்டுச் சந்தையில் விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரலைப் பிடிப்பார்கள். பிடித்த விரலுக்குத்தான் பேச்சு. பிடிக்காத விரலுக்கு எவனும் பொறுப்பில்லை. தீ புகையைத் துண்டாக விரித்தது. பைன் கிளையை உள்ளே நீட்டியது. தரைக்கு ஒரு விரல். வெயிலுக்கு ஒரு விரல். விதைக்கு ஒரு விரல். ஆத்திரக்காரிக்கு அதற்குமேல் யோசனை ஓடவில்லை. துண்டு விலகியது.

பைன் காய்களை ஒட்டி மூடியது. கடித்துப் பார்த்த அணில் பல் உடைந்து அடுத்த மலைக்கு ஓடியது. பைன் சிரித்தது. அது சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

கோடையில் தீ வந்தது. நிழல் மரங்களைத் தின்றது. பிறகு பைனின் காலைப் பிடித்து ஏறியது.

"என்னையுமா? இது பேச்சில் இல்லையே."

"பிசின் தனி, நீ தனி என்று நினைத்தாயா? மாட்டை வீட்டில் கட்டிவைத்துக்கொண்டு தோலை விற்க முடியுமா, தாயி?"

"என் பிள்ளைகள் வளர்வதை நான் பார்க்க வேண்டும்."

"அதற்கு நீ விரல் பிடிக்கவில்லையே."

ஏமாற்றியிருந்தாலாவது திட்டலாம். தீ சொன்ன சொல் தவறவில்லை. காயை உருக்கியது, விதையைத் தொடாமல் போனது. சாம்பலில் மழை விழுந்தது. கன்றுகள் நெருக்கமாய், ஒரே உயரத்தில் எழுந்தன. நடுவில் கரிக்கட்டை ஒன்று நின்றது.

திரும்பி வந்த அணிலிடம் ஒரு கன்று கேட்டது: "மாமா, வெயிலை மறைத்துக்கொண்டு நிற்கிறதே, அது என்ன?"

"அதுவா? பேரம் பேசத் தெரியாமல் போனவள்" என்றது அணில். "சீக்கிரம் விழுந்துவிடும். பொறு."

அன்று தொட்டுத்தான் அந்தச் சாதிப் பைனின் காய் எந்த வெயிலுக்கும் வாய் திறப்பதில்லை, தீ வந்தால்தான் திறக்கிறது. தாயின் முகம் பார்த்து வளர்ந்த கன்று அந்தக் காட்டில் ஒன்றுகூடக் கிடையாது.