எதுவும் கேட்காத குடித்தனம்

பாளையங்கோட்டையில் தாண்டவராயருக்கு நாலு வீடு. மூன்றில் குடித்தனம் இருந்தது. சந்தைத் தெரு வீடு மட்டும் பூட்டியே கிடந்தது. பார்க்க வருகிறவர்கள் ஒழுகும் கூரையைச் சரிசெய்யச் சொன்னார்கள், தண்ணீர்க் குழாய் கேட்டார்கள். அதைக் கேட்டாலே அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

அந்த வீட்டு வாசலைப் பெருக்கும் பேராச்சியை ஒருநாள் கூப்பிட்டார்.

"வாய் திறந்து எதையும் கேட்காத குடித்தனமாகப் பார்த்துக் கொண்டுவா. பங்குனி பிறப்பதற்குள் வராவிட்டால் சாவியைக் கொடுத்துவிட்டு வேறு வேலை பார்த்துக்கொள்."

மறுநாளே அவள் வந்து நின்றாள்.

"ஐயா, நீங்க கேட்ட குடித்தனம் கிடைச்சாச்சு. கூரை ஒழுகினாலும் சரி, தண்ணி வராட்டாலும் சரி, ஒண்ணும் கேக்காது. வந்து பாருங்க."

தாண்டவராயர் மீசையைத் தடவிக்கொண்டே போனார். பேராச்சி பூட்டைத் திறந்து கதவைத் தள்ளினாள். உள்ளே வீடு நிறையக் கிளிகள். கூரை ஓட்டை வழியே விழுந்த வெயிலில் நூற்றுக்கணக்கில் எழும்பிச் சுழன்றன. சுவர்ப் பொந்துகளிலிருந்து குஞ்சுகள் எட்டிப் பார்த்தன. திட்ட வாயெடுத்தவர் அண்ணாந்து பார்த்தபடி மெய்மறந்து நின்றுவிட்டார்.

"வாடகை?" என்றார் மெல்ல.

"நம்மகிட்ட எதுவும் கேக்காதவங்ககிட்ட நாம மட்டும் எப்படி ஐயா கேக்கிறது?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாவி பேராச்சியிடமே இருந்தது. அடுத்து வரப்போகும் குடித்தனத்துக்காக அன்றே குழாய்க்கு ஏற்பாடு செய்தார், கொத்தனாரையும் வரச்சொன்னார். ஆனால் குஞ்சுகள் பறந்துபோகும்வரை கூரையில் யாரும் கை வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். தாண்டவராயர் ஒரு குடித்தனத்துக்குக் கொடுத்த முதல் அவகாசம் அதுதான்.