ஓர் ஆள் குறைகிறது

"இன்னும் யாரும்மா இதுல குறையுது?"

பாடத்திட்டத்தை மேசைமேல் போட்டுவிட்டு ஆவுடையப்பன் சார் கேட்டார். போட்ட வேகத்தில் பேனா ஒன்று உருண்டு கீழே விழுந்தது.

ஜெசிந்தா குனிந்து பேனாவை எடுத்தாள். பாடத்திட்டத்தைப் புரட்டினாள். முதல் பக்கம், நடுப்பக்கம், கடைசிப் பக்கம்.

"ஒரு ஆள் குறையுது சார்" என்றாள்.

நான்காவது தடவையாக அதே பதில்.

தென்காசிப் பக்கம் ஒரு சமுதாயக் கல்லூரி அது. படிப்பைப் பாதியில் விட்டவர்களும் வேலையை இழந்தவர்களும் சில மாதங்களில் ஒரு தொழிலைக் கற்றுக்கொண்டு, கையில் சான்றிதழோடு வெளியே போகிற இடம். அங்கே புதிதாக எந்தப் படிப்பு தொடங்குவதானாலும் பாடத்திட்டம் எழுத வேண்டும். அதை மாநில விதிகளோடு ஒப்பிட வேண்டும். குழுவில் வைத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். குழுவின் தலைவி ஜெசிந்தா. அவள் கையெழுத்து விழாமல் அந்தக் கல்லூரியில் ஒரு ஈ கூட எதையும் கற்றுக்கொண்டுவிட முடியாது.

ஆவுடையப்பனுக்கு ஐம்பத்தேழு வயது. ஜெசிந்தாவுக்கு முப்பத்தாறு. ஒரு காலத்தில் அவரிடம் விலங்கியல் படித்தவள். தவளையை அறுக்கச் சொன்னதும் மயங்கி விழுந்தவள். இப்போது அவர் சிஷ்யர், அவள் குரு.

அவருக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. பாடத்திட்டம் எழுதக் கற்றுக்கொடும்மா என்று அவரேதான் போய்க் கேட்டார். ஆனால் கற்றுக்கொடுக்கிறவள் வாயைத் திறந்தால்தானே!

படிப்பின் பெயர், இல்லப் பராமரிப்பு உதவியாளர். படுத்த படுக்கையாகிவிட்டவர்களை வீட்டோடு இருந்து கவனித்துக்கொள்ளும் வேலை.

முதல் தடவை ஆள் குறைகிறது என்று அவள் சொன்னபோது, பாடம் நடத்த ஒரு டாக்டரைச் சேர்த்தார். இரண்டாவது தடவை, பிசியோதெரபிஸ்ட் ஒருவரையும் மனநல ஆலோசகர் ஒருவரையும் சேர்த்தார். மூன்றாவது தடவை ஆம்புலன்ஸ் டிரைவர்கூட உள்ளே வந்துவிட்டார். பாடத்திட்டத்தில் ஒரு கல்யாணக் கூட்டமே கூடிவிட்டது.

"விதிப்படி ஏதாவது தப்பு இருக்கா?" என்றார்.

"இல்ல சார்."

"பாட நேரம்?"

"சரியா இருக்கு."

"செய்முறைப் பயிற்சி?"

"விதி கேட்டதுக்கு மேலயே இருக்கு."

"ஒவ்வொரு அலகு முடிஞ்சதும் என்ன கத்துக்கிட்டாங்கன்னு எழுதணும்னு சொன்னே. எழுதியிருக்கேனா?"

"அழகா எழுதியிருக்கீங்க சார்."

"அப்புறம் என்னம்மா?"

"ஒரு ஆள் குறையுது."

ஆவுடையப்பனுக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல வந்தது.

அந்த நேரம் பார்த்து அவர் சட்டைப் பையில் போன் அடித்தது. பேச்சியம்மாள்.

"சார்வாள், நாளைக்கு ராத்திரி திருப்பூருக்கு வண்டி ஏறப் போறோம். எல்லாரும் மூட்டை கட்டியாச்சு. டிக்கெட் எடுக்கவா, வேண்டாமா? ஒத்தச் சொல்லு சொல்லுங்க."

ஊரிலிருந்த நூல் மில்லை மூடிவிட்டார்கள். பேச்சியம்மாளும் அவளோடு வேலை இழந்த பெண்களும் இந்தப் படிப்புக்குப் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார்கள். ஆடியில் வகுப்பு தொடங்கும் என்று வாக்குக் கொடுத்தவர் ஆவுடையப்பன். பிள்ளைகளை விட்டுவிட்டு எங்கேயும் போக வேண்டாம், நம் ஊரிலேயே வேலை இருக்கிறது என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னவரும் அவரே.

"நாளைக்கு மத்தியானம் சொல்லுதேன் பேச்சி. அதுவரைக்கும் எடுக்காதே" என்றார்.

போனை வைத்துவிட்டு ஜெசிந்தாவைப் பார்த்தார்.

"நாளைக்குக் காலையில குழு கூடுது. இதை விட்டா அடுத்த கூட்டம் மார்கழியில. அதுக்குள்ள இந்தப் பிள்ளைகள்லாம் திருப்பூர்ல பனியன் மடிச்சிட்டிருக்கும். அந்த ஆள் யாருன்னு சொல்லிட்டா உனக்கு என்னம்மா குறைஞ்சிரும்?"

ஜெசிந்தா எழுந்தாள். மேசைமேல் கிடந்த கோப்புகளை அள்ளி நாற்காலியில் வைத்தாள். தண்ணீர்ச் செம்பை ஓரமாக நகர்த்தினாள்.

"படுங்க சார்."

"எங்க?"

"இங்கதான். மேசைமேல."

கேட்கக் கூடாத கேள்வியைக் கேட்டுவிட்டோமோ என்று நினைத்தார். ஆனாலும் குரு சொல்லிவிட்டாள். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, அந்த நீள மேசைமேல் ஏறி மல்லாந்து படுத்தார். மேலே மின்விசிறி ஆடிக்கொண்டே சுற்றியது.

ஜெசிந்தா வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். சண்முகையாவும் மரியதாசும் வந்தார்கள். இரண்டு பேரும் கல்லூரி அட்டெண்டர்கள். மேசைமேல் சார் படுத்திருப்பதைப் பார்த்து மரியதாஸ் சிலுவை போட்டுக்கொண்டார்.

"ஒண்ணும் இல்ல. இவருக்குப் பக்கவாதம்னு வச்சுக்கோங்க. கை கால் வராது, பேச்சும் வராது" என்றாள் ஜெசிந்தா. "சார், நீங்க பேசக் கூடாது. இந்தப் பக்கத்துல செய்முறைப் பயிற்சி எழுதியிருக்கு. நான் வாசிக்கிறேன், நீங்க ரெண்டு பேரும் செய்யுங்க. எழுதினதை மட்டும் செய்யணும்."

வாசித்தாள். எழுதியவர் ஆவுடையப்பன்தான்.

"ஒன்று. நோயாளியை இடப்பக்கமாகத் திருப்புதல்."

நான்கு கைகள் வந்து பிடித்தன. அவர் உடம்பு மேசைமேல் புரண்டது. இடது கை உடம்புக்கு அடியில் மாட்டிக்கொண்டது. சட்டை மேலே ஏறி முதுகில் காற்று பட்டது. மூக்குக் கண்ணாடி ஒரு காதில் தொங்கியது. கண்ணுக்கு எதிரே சுவர்.

"இரண்டு. ஈரத் துணியால் முகம் துடைத்தல்."

துணி வந்து கண், மூக்கு, வாய் எல்லாவற்றையும் ஒரே இழுப்பில் துடைத்துவிட்டுப் போனது.

"தக்காளி விலை இன்னும் இறங்கலையாவே?" என்று சண்முகையா அவர் தலைக்கு மேலே கேட்டார்.

"எங்க இறங்குது? நேத்துச் சந்தையில வாங்காமலே வந்துட்டேன்" என்றார் மரியதாஸ்.

"மூன்று. கரண்டியால் தண்ணீர் புகட்டுதல்."

தண்ணீர் பாதி வாயிலும் பாதி காதிலும் போனது. மூக்கு அரித்தது. மாட்டிக்கொண்ட கை மரத்துப்போயிற்று. தக்காளியிலிருந்து பேச்சு கத்தரிக்காய்க்குப் போயிருந்தது. அங்கே ஓர் ஆள் படுத்திருப்பதாக யாருக்கும் நினைப்பே இல்லை.

ஜெசிந்தாவின் காலடிச் சத்தம் நகர்ந்தது. கதவுப் பக்கமிருந்து அவள் குரல் வந்தது.

"இது பரீட்சைன்னு வச்சுக்கோங்க சார். மார்க் போடுறது வெளித்தேர்வாளர். நீங்க எழுதினபடி அவர் இங்க, கதவுகிட்ட நிக்கிறார். இங்கிருந்து பார்த்தா திருப்பியாச்சு, துடைச்சாச்சு, தண்ணி குடுத்தாச்சு. எல்லாம் சரியா இருக்கு. மரியதாஸ், சண்முகையா ரெண்டு பேரும் பாஸ். நூத்துக்குத் தொண்ணூறு."

"பாஸா?" என்று பக்கவாதக்காரர் கத்தினார். "கதவுகிட்ட நிக்கிறவனுக்கு என்ன தெரியும்? கை நசுங்கினது எனக்கு! காதுல தண்ணி போனது எனக்கு! தொண்ணூறு போட அவன் யாரு? போடணும்னா நான்தானே—"

வாய் திறந்தபடியே நின்றது.

மரியதாஸ் பயந்துபோய்க் கரண்டியைக் கீழே வைத்தார்.

ஆவுடையப்பன் மெல்ல எழுந்து உட்கார்ந்தார். நாற்காலியில் கிடந்த கோப்புகளுக்குள் கையைவிட்டு விதிப்புத்தகத்தை உருவினார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு தேர்வுகள் பற்றிய பக்கத்தைத் தேடி உரக்க வாசித்தார்.

"வெளித்தேர்வாளர் கல்லூரிக்கு வெளியே உள்ளவராக இருக்க வேண்டும். பாடம் சார்ந்த துறையில் ஐந்தாண்டுக்குக் குறையாத தொடர் அனுபவம் உடையவராக இருக்க வேண்டும்."

மறுபடியும் வாசித்தார்.

"தொடர் அனுபவம்! ஏம்மா, தொடர் அனுபவம்னுல்ல போட்டிருக்கு!"

மேசையிலிருந்து குதித்தார். அந்த வயதில் அப்படிக் குதிக்கக் கூடாது. குதித்தார். பாடத்திட்டத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஓடினார்.

"சார், செருப்பு!" என்று மரியதாஸ் பின்னாலேயே கத்தினார்.

செம்பில் மிச்சமிருந்த தண்ணீரை ஜெசிந்தா எடுத்துக் குடித்தாள்.

ஆவுடையப்பன் போய் நின்ற இடம் இசக்கிமுத்துவின் வீடு. அடுத்த தெருதான். இசக்கி மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்தவர். எட்டு வருஷத்துக்கு முன்னால் கம்பத்திலிருந்து விழுந்தார். அன்றிலிருந்து மார்புக்குக் கீழே அசைவு இல்லை, படுக்கைதான். வாய் மட்டும் விழவில்லை. பார்த்துக்கொள்ள வந்தவர்கள் அந்த வாய்க்குப் பயந்தே ஒவ்வொருவராக ஓடினார்கள் என்று தெருவில் பேச்சு.

"என்ன சார்வாள், இப்படி இரைக்க இரைக்க ஓடி வாரீய? யாரும் போய்ச் சேந்துட்டாவளா?" என்றார் இசக்கி.

"உனக்கு ஒரு வேலை கொண்டாந்திருக்கேன் இசக்கி."

"எனக்கா? நக்கலா பண்ணுதீய?"

கட்டிலோரம் உட்கார்ந்து ஆவுடையப்பன் சொன்னார். ஆள் ஆளாகப் பெண்கள் வருவார்கள். திருப்புவார்கள், துடைப்பார்கள், சாப்பாடு கொடுப்பார்கள். அவர்களுக்கு மார்க் போட வேண்டும். அதுதான் வேலை.

இசக்கி மோட்டு வளையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெயிலும் போடலாமா?"

"போடலாம்."

"யாரும் வந்து மாத்தச் சொல்ல மாட்டாவளே?"

"நீ போட்டா போட்டதுதான். விதி அப்படி."

"அப்போ என் தலைமாட்டுல நின்னு போனை நோண்டுற அத்தனை பேருக்கும் முட்டைதான்!"

இசக்கி சிரித்த சிரிப்பில் கட்டில் கிறீச்சிட்டது. அடுக்களையிலிருந்து அவர் மனைவி கரண்டியும் கையுமாக ஓடி வந்தாள். இந்த வீட்டில் இப்படி ஒரு சத்தம் கேட்டு எத்தனை காலமாயிற்று! என்ன ஏது என்று தெரியாமலே அவளும் சிரித்தாள்.

"பேப்பர்ல என் பேரை எப்படிப் போடுவீய?" என்றார் இசக்கி.

"திரு. இசக்கிமுத்து, வெளித்தேர்வாளர்."

இசக்கி கண்ணை மூடிக்கொண்டார்.

"இன்னொருக்கச் சொல்லும்."

ஆவுடையப்பன் இன்னொரு தடவை சொன்னார்.

மறுநாள் குழு கூடியது. பாடத்திட்டத்தில் இருந்த கல்யாணக் கூட்டம் பாதியாகக் குறைந்திருந்தது. ஆம்புலன்ஸ் டிரைவரைக் காணவே காணோம்.

பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருந்த பிரதிநிதி கடைசிப் பக்கத்தில் விரலை வைத்தார்.

"யாரு இந்த இசக்கிமுத்து? நான் கேள்விப்பட்டதே இல்லையே. என்ன படிச்சிருக்கார்?"

"ஐடிஐ சார்."

"அனுபவம்?"

"எட்டு வருஷம். ஒரு நாள்கூட விடாம."

"எந்த ஆஸ்பத்திரியில?"

"வீட்டுல சார்."

"வீட்டுல என்னவா இருக்கார்?"

இந்த ஒரு பதிலில் பேச்சியம்மாளின் டிக்கெட் இருக்கிறது.

"படுத்திருக்கார் சார்" என்றார்.

பிரதிநிதி விதிப்புத்தகத்தை எடுத்தார். தேர்வுகள் பற்றிய பக்கத்துக்குப் போனார். மேலிருந்து கீழ்வரை விரலை ஓட்டினார். திருப்பி ஒரு தடவை ஓட்டினார். அவர் உதடு லேசாக அசைந்துகொண்டிருந்தது.

"கல்லூரிக்கு வெளியே உள்ளவர்தான்" என்றார் கடைசியில். "அனுபவமும் இருக்கு. வெளித்தேர்வாளர் நின்னுக்கிட்டுத்தான் இருக்கணும்னு எங்கயும் இல்ல."

சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார். கையெழுத்துப் போட்டார். மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போட்டார்கள். தாள் சுற்றி வரச் சுற்றி வர ஆவுடையப்பனுக்கு நாற்காலியில் இருப்புக் கொள்ளவில்லை. சின்னப் பையன் மாதிரிக் காலை ஆட்டிக்கொண்டிருந்தார்.

தாள் தலைவியிடம் வந்து சேர்ந்தது. ஜெசிந்தா பேனா மூடியைக் கழற்றினாள். பேனா தாளுக்கு மேலே வந்து நின்றது.

"பரீட்சை அன்னிக்கு இவர் எத்தனை மணிக்கு வருவார் சார்?"

ஆவுடையப்பன் ஆடிய காலை நிறுத்தினார்.

"அவர் வர மாட்டார் மேடம்" என்றார். "நாமதான் போகணும்."

பேனா தாளில் இறங்கியது.